இரண்டு முடிச்சுக் கல்யாணம்

மேடையில் தாலி கட்டும்போது ஜவஹர் இரண்டு முடிச்சுதான் போடுவான். அது அந்த நாடகக் குழுவின் சட்டம்.

'பாதாளப் பொன்' நாடகத்தின் முதல் அங்கத்திலேயே கல்யாணம் வந்துவிடும். கோலார் தங்கவயலில், தொழிலாளர் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு வேப்பமரத்தடியில், முத்துவேலன் பொற்கொடிக்குத் தாலி கட்டுவான். கடைசி அங்கத்தில் சுரங்கம் இடிந்து விழும். சங்கு ஊதும். உயிரோடு மேலே வந்தவர்களின் பித்தளை டோக்கன்கள் ஒவ்வொன்றாகப் பலகையில் ஏறும். முத்துவேலனுடைய ஆணி மட்டும் வெறுமையாக நிற்கும். பொற்கொடி சுரங்கத்தின் வாய்க்குப் போய், கழுத்துத் தாலியை ஒரே இழுப்பில் கழற்றி, "எத்தனை பொன்னைத் தின்றாலும் ஆறாத வயிறே, இந்தா, இதையும் தின்னு" என்று குழிக்குள் எறிவாள். திரை விழும். இருபத்தைந்து வருஷமாக யார் எந்த ஊரில் போட்டாலும் அந்த இடத்தில் ஜனங்கள் அழுதார்கள்.

ஒரே இழுப்பில் கழல வேண்டுமென்றால் முடிச்சு இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டாவதை உருவு முடிச்சாகப் போட்டு நுனியைப் பிடரியில் தொங்க விடுவான் ஜவஹர். இது குழுவை நடத்திய கஸ்தூரிரங்கன் வெளியே சொல்லும் காரணம். உள்காரணம் வேறு. கல்யாணமாகாத பெண்ணைப் பொற்கொடியாகப் போடத் துணிந்தபோது, சீதாவின் அம்மா சுப்புலக்ஷ்மி அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"வேஷம்தானே, போட்டுக்கட்டும். ஆனா மூணாவது முடிச்சு மட்டும் விழப்படாது. விழுந்தா அது கல்யாணம்."

கஸ்தூரிரங்கன் அரசாங்கக் கணக்குத் தணிக்கை செய்யும் ஏஜிஸ் ஆபீசில் சூப்பரின்டென்டென்ட். வாக்குக் கொடுத்தால் மீற மாட்டார். ஒத்திகையில் ஜவஹரிடம் அந்த நிபந்தனையைச் சொல்லி, அவன் கையைப் பிடித்து இரண்டு முடிச்சையும் போட்டுக் காட்டிப் பழக்கியவர் அவர்தான்.

அது மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. இந்த மூன்று வருஷத்தில் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாறிலும் சீதாவுக்கு எத்தனையோ முறை இரண்டு முடிச்சுக் கல்யாணம் ஆகிவிட்டது. அவளுக்கு இப்போது முப்பது வயது. மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அப்பா இல்லை. கச்சேரி ரோடுக்குப் பின்னால் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் அம்மாவும் அவளும்.

ஜவஹரின் குடும்பத்துக்கு ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஊன்றிக்கொண்டவர்கள். அப்பா பொன்ராஜ் கல்லாவை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை நாடகம் போடுவதை அவர் ஒருவகை ஜலதோஷம் போலத்தான் எடுத்துக்கொண்டார். தானே விட்டுவிடும் என்று.

அடையாறில் ஒருமுறை நாடகம் முடிந்து, மறுநாள் செட்டை ஏற்றி அனுப்ப வந்திருந்தபோது, எலியட்ஸ் கடற்கரை வரை ஜவஹரும் சீதாவும் நடந்தார்கள். மணலில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்கள்.

"அப்பாகிட்ட பேசறேன் சீதா. தீபாவளி வியாபாரம் முடியட்டும்."

தீபாவளி முடிந்தது. பிறகு பொங்கலுக்குப் பித்தளைப் பானை வியாபாரம் வந்தது. அது முடிந்ததும் தை மாச முகூர்த்தங்கள். ஊரில் யார் யாருக்கோ கல்யாணம். அத்தனைக்கும் சீர்ப் பாத்திரம் பொன்ராஜ் கடையில்தான். பேர் வெட்டிக் கொடுத்தே கை ஓய்ந்துவிடுகிறது என்றான் ஜவஹர். சீதா சிரித்தாள். அப்போது அவளால் சிரிக்க முடிந்தது.

மாசி பிறந்ததும் நங்கநல்லூர் வரன் வந்தது. ராமசேஷன், கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபோர்மன். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு பெண் குழந்தை. சொந்த வீடு. ஜாதகம் பொருந்தி, பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், பதிலுக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு தடவை தவணை வாங்கிய சுப்புலக்ஷ்மியால் மூன்றாவது முறை வாங்க முடியவில்லை.

சீதா ஜவஹரிடம் ஒத்திகையின்போது சொன்னாள், டோக்கன் பலகைக்குப் பின்னால் நின்று.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பதில் சொல்லணுமாம். அதுக்குள்ள உங்க வீட்ல என்னன்னு எனக்குத் தெரியணும்."

"சொல்றேன்."

"நிஜமா?"

"சொல்றேன்னு சொல்றேன்ல" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நாடகம் தியாகராய நகரில், ஒரு சபா மண்டபத்தில். சாயங்காலம் அங்கே கச்சேரி இருந்ததால் இவர்களுக்குப் பகல் இரண்டரை மணிக்கே கொடுத்திருந்தார்கள். அது தேர்தல் நேரம். மண்டபத்தின் மதில்சுவரில் வெள்ளையடித்து யாரோ சின்னம் வரைந்திருந்தார்கள்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "அவர் இன்னிக்கு டிராமாக்கு வரார். தங்கையையும் அழைச்சுண்டு. நீ நடிக்கறதைப் பாக்கணுமாம்."

"பார்த்து?"

"பார்த்து என்ன, பாக்கட்டுமே. ஒளிச்சு வெக்கற விஷயமா? நான்தான் சொன்னேன், கடைசி சீனுக்கு முன்னாடி எழுந்து வந்துடுங்கோன்னு. அது நன்னா இருக்காது, பாக்கறதுக்கு. அதுவும் அவர்."

சீதா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால் தணிகாசலம் சுரங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். செட்டும் லைட்டும் அவன் பொறுப்பு. நான்கு சவுக்குக் கம்பு, கறுப்புத் துணி, மேடைப் பலகை ஒன்றைப் பெயர்த்த ஒரு பொந்து, அவ்வளவுதான் தங்கவயல். கடைசிக் காட்சியில் அவன் பொந்துக்குக் கீழே கோணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, விழும் தாலியைப் பிடிப்பான். பிடித்ததும் மண்ணெண்ணெய் டின்னில் ஒவ்வொரு கல்லாகப் போடுவான். தாலி ஆழத்துக்குப் போகும் சத்தம் அது.

"இன்னா சீதாம்மா, இன்னிக்காவது நேரா கோணில போடு. போன தபா எம் மூஞ்சி மேல வுட்டுட்ட. தாலி கண்ணுல குத்திக்கினு கண்ணீரா வருது, மேல ஜனங்க அழுவுது, கீய நான் அழுவுறேன்."

"நீ வாயை மூடிக்கோ, மூஞ்சில விழாது" என்றாள் தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பம் தொழில்முறை நடிகை. பையன்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகள் கலைந்த காலத்திலிருந்து ஊர் ஊராக நடித்தவள். பொற்கொடியின் மாமியார் வேஷத்துக்கு அவளை அழைத்து வருவார்கள். அவள் சீதாவுக்குக் கொண்டை போட்டுவிட்டுக்கொண்டே கண்ணாடியில் பார்த்தாள்.

"என்னடி, முகம் எண்ணெய் குறைஞ்ச விளக்கு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

ஜவஹர் தாமதமாக வந்தான். நேராக மேக்கப்புக்கு உட்கார்ந்துவிட்டான். சீதா இரண்டு தடவை அந்தப் பக்கம் போய் வந்தாள். இரண்டு தடவையும் அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மேக்கப்காரர் இமைக்கு மை தீட்டினார் என்பது உண்மைதான். அதற்குள் முதல் மணி அடித்துவிட்டது.

கல்யாணக் காட்சியில் நாயனம் ரிக்கார்டில் ஒலித்தது. சீதா தலை குனிந்து உட்கார்ந்தாள். ஜவஹரின் கைகள் அவள் கழுத்தைச் சுற்றி வந்தன. தங்கபுஷ்பம் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். முதல் முடிச்சு. இரண்டாவது. வழக்கமாக அதற்குப் பிறகு அவன் விரல் நுனி நூலை நீவி விட்டுவிட்டுப் பிரிந்துவிடும். மூன்று வருஷத்தில் அந்த இடத்தை அவள் பிடரி மனப்பாடம் செய்திருந்தது.

விரல் பிரியவில்லை. நூல் இன்னொரு தடவை வளைந்தது. உள்ளே நுழைந்தது. இறுகியது.

மூன்று.

சீதா நிமிரவில்லை. நிமிர்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியவில்லை. ஏதோ சொல்ல வேண்டிய வசனம் இருந்தது. பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து பிராம்ப்டர் இரண்டு தடவை எடுத்துக் கொடுத்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

அன்று மதியம் தியாகராய நகர் சபையில் நாடகம் பார்த்தவர்கள், அப்படி ஒரு பொற்கொடியை அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். இரண்டாம் அங்கம் முழுக்கப் பஞ்சம், சண்டை, வெள்ளைக்கார மேனேஜரின் அக்கிரமம். சீதா அத்தனையையும் ஒரு வெளிச்சத்தோடு நடித்தாள். கஞ்சிக்கு உப்பில்லை என்று மாமியார் ஏசும் இடத்தில் அவள் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. புருஷனிடம் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் அவனையே பார்த்தாள். ஜவஹர்தான் பார்வையைத் தாழ்த்தினான். கூச்சம் என்று அவள் நினைத்தாள். இத்தனை பேர் நடுவே, வாய் திறக்காமல், அம்மாவின் நிபந்தனையைக் கொண்டே பதில் சொல்லிவிட்டவன் கூச்சப்படாமல் என்ன செய்வான். காட்சிகளுக்கு நடுவே பேச நேரமில்லை. அவன் மேடையில் இருக்கும்போது அவள் உள்ளே. அவள் இருக்கும்போது அவன். பேசத் தேவையில்லை என்றும் தோன்றியது. ராமசேஷனுக்கு அம்மா எப்படிப் பதில் சொல்வாள் என்று மட்டும் ஒருமுறை யோசித்தாள். நல்ல மனுஷர். அவருக்கு வேறு நல்ல இடமாகக் கிடைக்கும்.

சங்கு ஊதியது. தகரத்தின்மேல் இரும்புக் குண்டை உருட்டினார்கள், சுரங்கம் இடிந்தது. டோக்கன்கள் பலகையில் ஏறின. ஆணி வெறுமையாக நின்றது.

சீதா சுரங்கத்தின் வாய்க்கு ஓடி வந்தாள். கை பிடரிக்குப் போனது. இழுக்க நுனி இல்லை. அது மூன்றாவது முடிச்சுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் ஒரு விசிறிகூட அசையவில்லை. பக்கத்தில் தலைவிரிகோலமாகக் கிடந்த தங்கபுஷ்பம் உதட்டை அசைக்காமல், "தலை வழியா எடுடி" என்றாள்.

எடுத்திருக்கலாம். கொண்டை கலையும், இந்தக் காட்சியில் கலைந்தால் நல்லதுதான். இரண்டு கையாலும் தூக்கினால் வந்துவிடும். கீழே பொந்துக்குள் தணிகாசலத்தின் கோணி வெளிறித் தெரிந்தது. வசனம் நாக்கு நுனியில் இருந்தது. சீதாவின் கை தாலியைப் பிடித்தது, பிடித்தபடியே நின்றுவிட்டது.

வேஷத்துக்குக் கட்டியதை ஆயிரம் முறை கழற்றலாம். இது அது இல்லை.

"எத்தனை பொன்னைத் தின்றாலும் ஆறாத வயிறே" என்றாள். குரல் வழக்கமாக உயரும் இடத்தில் தணிந்தது. "இது உனக்கு இல்லை. இதைத் தர மாட்டேன்."

குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தாலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

திரை இழுப்பவனுக்கு எறியும் சத்தம்தான் அடையாளம். அது வரவில்லை. அவன் விழித்துக்கொண்டு நின்றான். கஸ்தூரிரங்கன் ஓடிப்போய்த் தானே கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்ட மாதிரி கைத்தட்டல் வந்தது.

"இன்னா சீதாம்மா இது" என்று தணிகாசலம் பொந்துக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "கோணிய விரிச்சிக்கினு குந்திக்கினுகீறேன், மேலேர்ந்து ஒண்ணும் வரல. கல்லப் போடறதா வாணாமா? எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவள் அவனைத் தாண்டிப் போனாள்.

ஜவஹர் மேக்கப் அறைக்கு வெளியே டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் அங்கத்தின் நடுவிலேயே செத்துப் போனவன். முகத்தில் அடுப்புக்கரி, மடியில் விளக்கு வைத்த தொப்பி. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

சீதா அவனிடம் எப்போதும் பொதுத் தமிழில்தான் பேசுவாள். மேடைக்காகப் பழகி அப்படியே நின்றுபோனது. அன்று வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"மூணு முடிச்சு போட்டேளே" என்றாள்.

"என்ன?"

"மூணாவது. போட்டேள்."

அவன் அவள் கழுத்தைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை என்பதை அவள் அப்போதே கண்டுகொண்டாள். ஆனாலும் நின்றாள்.

"போட்டேனா?"

அவள் திரும்பிப் பிடரியைக் காட்டினாள்.

"எனக்குத் தெரியலை சீதா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே நெனைச்சிக்கிட்டு இருந்தேன். காலையிலேர்ந்து அதே நெனைப்பு. கை என்ன பண்ணிச்சுன்னு தெரியலை."

"எதைச் சொல்றது?"

அவன் தொப்பியின் விளக்கைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"வியாழக்கிழமை அப்பாகிட்ட பேசினேன். அவர் திட்டல. ஒரு வார்த்தை பேசல. என் இடுப்புல இருந்த கடைச் சாவியைக் கேட்டாரு. கொடுத்தேன். வாங்கி அண்ணன்கிட்ட கொடுத்துட்டு பில் போட உட்கார்ந்துட்டாரு. அம்மா அன்னிலேர்ந்து சாப்பிடல." தொப்பியைப் பெட்டிமேல் வைத்தான். "நேத்து நான்தான் போயி, இனிமே அந்தப் பேச்சு எடுக்க மாட்டேன்னு சொன்னேன்."

"சாவி வந்துடுத்தா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். வந்துவிட்டது.

"சீதா, என்னைத் திட்டு."

"நேரமாச்சு. கச்சேரிக்காரா வந்துடுவா."

மேக்கப் அறையில் தங்கபுஷ்பம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். அவள் எதையும் கேட்கவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றவளுக்கு முடிச்சு தெரியாமல் இருந்திருக்காது. நகத்தால் நெருடிப் பார்த்தாள். வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். சீதாவின் பிடரியில் அவளுடைய மூச்சு வெற்றிலை வாசனையோடு சுட்டது.

"இறுக்கிப் போட்டிருக்கான், பாவி" என்றாள். "கத்தரி வெச்சுடலாமா?"

"வேண்டாம்க்கா. அவிழ்த்துடுங்கோ."

"அழறதுன்னா இப்பவே அழுதுடு. வேஷம் கலைக்கிற இடத்துல அழுதா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

சீதாவுக்கு அழுகை வரவில்லை. முடிச்சு அவிழும் வரைக்கும் எதிரே கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் நூலைத் தாலியோடு உருவித் தணிகாசலத்தின் சாமான் பெட்டியில் போட்டபோது, பிடரியில் காற்று பட்டது.

கஸ்தூரிரங்கன் உள்ளே வந்தார். கோபமாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் வழியில் சபா காரியதரிசி அவரைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்திருக்கிறார்.

"யாரைக் கேட்டு மாத்தினே?" என்று ஆரம்பித்தவர், தானே இறங்கி வந்தார். "ஆனா சீதா, அது மனசுல நின்னுடுத்து. இத்தனை வருஷமா ஒருத்தனுக்கும் தோணலையே. கழட்டி எறியறதைவிட, தர மாட்டேன்னு உட்கார்ந்துண்டியே, அது. அடுத்தது அடையார்லே, அங்கேயும் இப்படியே வெச்சுடுவோம். ஜவஹர்ட்ட சொல்லி இனிமே மூணு முடிச்சே போடச் சொல்லிடறேன். உங்கம்மாட்ட நான் பேசிக்கறேன்."

"மாமா, வேற யாரையாவது பாத்துக்கோங்கோ."

"ஏன்?"

"நங்கநல்லூர்ல அவா நாடகத்துக்கெல்லாம் அனுப்ப மாட்டா."

கஸ்தூரிரங்கன் வாயைத் திறந்தார். தங்கபுஷ்பம் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. பக்கவாட்டு வாசல் வழியாகத் தம்புராவை உறையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். சீதா பாதி கலைத்த முகத்தோடு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். மதிலோரம் ராமசேஷன் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் பேனா. தங்கை ரிக்ஷா பிடிக்கப் பனகல் பார்க் பக்கம் போயிருந்தாளாம்.

"ரெண்டு நிமிஷம்" என்றார். "சாயங்காலம் உங்காத்துக்கு வரதா இருக்கோம். அதுக்கு முன்னாடி தனியா ஒண்ணு சொல்லணும்னு."

அவள் நின்றாள்.

"கடைசி சீனுக்கு முன்னாடி எழுந்து போயிடுங்கோன்னு உங்கம்மா சொல்லி அனுப்பினா. கதை தெரியும். தங்கையும் போலாம் போலாம்னா. என்னமோ எழுந்துக்க முடியலை. அவ போனப்போ, அதான் என் ஆத்துக்காரி, அவ கழுத்துலேர்ந்து அதை நான்தான் எடுத்தேன். ஆஸ்பத்திரியில. நர்ஸ் எடுக்கச் சொன்னா." அவர் மண்டபத்துச் சுவரைப் பார்த்துப் பேசினார். "மறுபடியும் அதைப் பாக்கப் போறோமேன்னு பயந்துண்டே உட்கார்ந்திருந்தேன். நீங்க எடுக்கலை."

ரிக்ஷா மணிச் சத்தம் எங்கோ கேட்டது.

"நான் வரேன்னு உங்களுக்குத் தெரியும்னு உங்கம்மா சொன்னா. அதனால ஒரு நிமிஷம் எனக்குத் தோணித்து. அசட்டுத்தனமாக்கூட இருக்கலாம். எனக்காகத்தான் மாத்தினேளா?"

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். கேட்டிருக்கக் கூடாதோ என்ற தயக்கம் அந்தக் கண்ணில் அதற்குள் வந்துவிட்டிருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் டிரங்குப் பெட்டிக்கு எதிரே நின்றபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சீதாவுக்குப் பட்டது.

"ஆமாம்" என்றாள்.

அவர் தலையை அசைத்தார். பேனாவைச் சட்டைப் பையில் சரியாகக் குத்திக்கொண்டார். பிறகு, "பஸ்ஸிலயா போறேள்? கூட்டமா இருக்குமே" என்றார்.

"பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.